மச்சான் வண்டிக்குக் கிளட்ச் வெச்சது

வாங்க தம்பி, உள்ள வாங்க. நாய் ஒண்ணும் பண்ணாது, கொரைக்கறதோட சரி. உக்காருங்க. ஆட்டோமேட்டிக் ஜீப்பக் கிளட்ச் வண்டியா மாத்தறதப் பத்திக் கேக்கத்தான வந்தீங்க? பேக்கரிக்காரன் போன்ல சொன்னான். மாத்தலாங்க. தாராளமா மாத்தலாம். இந்தக் காரமடை சுத்துவட்டாரத்துல பழைய ஜீப்புக்கு அந்த வேலைய முன்ன நின்னு செஞ்சு முடிச்ச ஒரே ஆளு நாந்தான். ஆனா அத அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். "மச்சான் வண்டியக் கெடுத்த கிட்டுசாமி ஊடு எதுன்னு கேளுங்க, யாருன்னாலும் காட்டுவாங்க"ன்னு சொல்லியிருப்பான். சொன்னானா இல்லியா? பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

மெக்கானிக் நம்பர் தர்றேன், அது எங்க ஓடிப் போகுது. சித்த நேரம் உக்காந்து நடந்தது என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் கெடுத்தனா, கெட்டதச் சரி பண்ணுனனான்னு.

என்ற அக்கா வசந்தாமணி. அவ ஊட்டுக்காரரு நாச்சிமுத்து. ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க ஊடு. மலை மேல, கோத்தகிரி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, காப்பித் தோட்டம் இருக்குது. காப்பி, ஊடால மெளகுக் கொடி. அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த பூமி. ஆனா எங்க மச்சானாட்டம் பாடுபடறதுக்கு ஆளில்ல, அதச் சொல்லோணும். வெடிஞ்சா மலை, பொழுது சாஞ்சாத்தான் ஊடு. தீவாளி நோம்பி நாள்லயும் மலைதான். அக்கா ஊட்டுல சோறாக்கி வெச்சுட்டு வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பா. அது அவங்க குடும்பத்து வழக்கம், நமக்கென்ன.

அவரு ஒருக்கா மெளகு பறிக்கற ஏணில இருந்து உழுந்து இடது முட்டி நொறுங்கிப் போச்சு. தகடு வெச்சாங்க. அதுல இருந்து அந்தக் கால் மடங்காது. உக்காந்தா நேரா நீட்டித்தான் உக்காருவாரு. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை சனமெல்லாம் தடுக்கி உழும். நானே ரெண்டு தரம் உழுந்திருக்கறேன். கால் போச்சு, இனி மலை போச்சுன்னு நெனச்சுட்டு இருக்கறப்பத்தான், எஸ்டேட்டு வித்துட்டுப் போன ஒரு தொரைகிட்ட இருந்து அந்தப் பழைய ஜப்பான் ஜீப்ப வாங்குனாரு. நாலு சக்கரமும் இழுக்கற வண்டி, ஆட்டோமேட்டிக். கிளட்சே கெடையாது. இடது கால்பாட்டுக்கு நீட்டிட்டுக் கெடக்கும், வலது கால்லயே எல்லாம் முடிஞ்சிரும். மனுசனுக்கு உசுரு திரும்பி வந்துருச்சு.

எனக்குத்தான் அந்த வண்டியப் பாத்தா ஆகாது. நான் மில்லுல பிட்டரா இருந்தவனுங்க. இரும்பு தெரியும். கியர் போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? கிரைண்டராட்டம், சுவிச்சப் போட்டா அதுபாட்டுக்குச் சுத்துது. மலையேத்தத்துல ரெண்டாவது கியருக்கு எறக்கி, ஒரு இழுப்பு இழுத்து ஏத்துனாத்தான ஓட்டறவனுக்கு ஒரு மருவாதி? அவரு பாட்டுக்கு உக்காந்திருப்பாரு, வண்டி பாட்டுக்கு ஏறும். பக்கத்துல உக்காந்து பாத்துட்டே வரோணும். கை நமநமங்கும் எனக்கு.

அப்பத்தான் அவங்க மகளுக்குச் சிங்கப்பூர்ல பிரசவம்னு அக்காளும் மச்சானும் பொறப்பட்டாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வண்டி வழுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஏத்தத்துல மிதிச்சா இஞ்சின் கத்தும், வண்டி நகராது. போகும்போது சாவிய எங்கைல குடுத்து, "கிட்டு, நான் வர்றதுக்குள்ள அந்தக் கியர்பாக்ஸ் என்னன்னு பாத்துச் சரி பண்ணி வெய்யி. காப்பி பழுத்துட்டா தெனம் ஏறி எறங்கோணும்"னாரு. அவரு வாயால சொன்னதுங்க. சரி பண்ணி வெய்யின்னு. இதே ஆட்டோமேட்டிக்காத்தான் இருக்கோணும்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லல.

மேட்டுப்பாளையம் ரோட்டுல சாதிக்னு மெக்கானிக். பிரிச்சுப் பாத்தான். உள்ள பிளேட்டெல்லாம் கருகிக் கெடக்குது. சரி பண்ணலாம், ஆனா சாமான் வெளிநாட்டுல இருந்து வரோணும், எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னான். அப்பறம் தலையச் சொறிஞ்சுட்டே, "அண்ணா, பாலக்காட்டுல இதே வண்டி, கிளட்ச் மாடலு, அடிபட்டது ஒண்ணு கெடக்குது. அந்தக் கியர்பாக்ஸ எடுத்துப் போட்டரலாமா?"ன்னான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சாமி வந்து கேட்டாப்பல இருந்துச்சு.

பின்னாடியே இன்னொண்ணும் கேட்டான், அதையும் மறைக்காமச் சொல்றேன். "ஆனா அண்ணனுக்கு இடது கால் ஆகாதே"ன்னான். நான் சொன்னேன், "ஏன்டா, ஆசுபத்திரில பிசியோதெரபிக்காரன் தெனமும் கால அமுத்தி அமுத்திப் பழகச் சொன்னானா இல்லியா? இவரு சோம்பேறித்தனப்பட்டு செய்யாம உட்டுட்டாரு. கிளட்ச் இருந்தா பழகித்தான ஆகோணும்? வண்டிக்கு வண்டியுமாச்சு, வைத்தியத்துக்கு வைத்தியமுமாச்சு." சாதிக் "அதுவும் சரிதாண்ணா"ன்னான். அவன் எதச் சொன்னாலும் அதுவும் சரிதாண்ணாதான். ரெண்டு பேரு சேந்து எடுத்த முடிவு. பழி மட்டும் எனக்கு.

வேலையக் கேளுங்க, உங்களுக்கு ஆகும். கியர்பாக்ஸ் மட்டும் மாத்துனாப் போதும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. இஞ்சினுக்குப் பின்னால இருக்கற வீல் மாத்தோணும். கிளட்ச் பிளேட்டு, பெடலு, பெடல்ல இருந்து எண்ணெய் போற கொழாய், எல்லாம் அந்த அடிபட்ட வண்டில இருந்தே கழட்டோணும். இஞ்சினுக்கும் காலுக்கும் நடுவால இருக்கற தகட்டுல ஓட்டை போடோணும். பின்சக்கரத்துக்குப் போற சாப்டுத் தண்டு நீளம் பத்தாது, கடைசல் பட்டறைல குடுத்து ஒட்டோணும். நடுவால ஒரு சின்ன பேரிங்கு இருக்குது, அத வெக்க மறந்துட்டுச் சாதிக் எல்லாத்தையும் மாட்டிப்போட்டான். மறுபடி எல்லாத்தையும் எறக்குனோம். நான் சத்தம் போட்டேன். "மறந்துட்டண்ணா"ங்கறான், ஏதோ கறிவேப்பிலை மறந்தாப்பல.

எல்லாம் மாட்டியாச்சு. சாவியத் திருகுனா வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏன்னா அந்த வண்டியோட கம்ப்யூட்டரு இன்னும் பழைய நெனப்புலயே இருக்குது. பார்க்கிங்ல போடு, அப்பத்தான் எந்திரிப்பேங்குது. அது பழைய கியர்ல இருந்த எடம், இப்பப் பார்க்கிங்குக்கு எங்க போறது? சாதிக் ரெண்டு வயர முறுக்கி உட்டான். எந்திரிச்சுருச்சு. ஆனா அதுல இருந்து பின்னால ரிவர்ஸ் லைட்டு எப்பவும் எரிஞ்சுட்டே இருக்குது. முன்னால போனாலும் எரியும். அதனால என்ன கெட்டுப் போச்சு? பின்னால வர்றவன் தள்ளி வருவான்.

வேலை முடிஞ்சதும் ஓட்டிப் பாக்கோணுமில்லீங்களா? அப்படியே குடுத்தா நாளைக்கு மலைல நின்னுட்டா யாரு பதில் சொல்றது? அதனால தெனமும் மலைக்கு எடுத்துட்டுப் போனேன். சீட்டக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக்கிட்டேன். கியர்க் கம்பி மேல இருந்த குமிழு கைக்குப் பிடிபடல, நல்ல தேக்குல எங்கைக்குப் பொருந்தறாப்பல ஒண்ணு கடைஞ்சு போட்டேன். அது என்ற சொந்தக் கைச்செலவு. ஆகா, அந்த ரெண்டாவது கியர்ல கொண்டை ஊசி வளைவுல ஏத்துறப்ப வர்ற சத்தம் இருக்குதே, அதுக்கு என்ன வேணுமுன்னாலும் குடுக்கலாம். தோட்டத்து ஆளுங்ககிட்ட, "இனி நாந்தான் ஓட்டிட்டு வருவேன், உங்க மொதலாளி பக்கத்துல சவுரியமா உக்காந்துட்டு வருவாரு"ன்னு சொல்லி வெச்சேன். ஒருவேளை கால் ஒத்துழைக்கலைன்னா ஆள் வேணுமில்லீங்களா? ஒரு முன்யோசனை. அதைப் போயி ஊரு என்ன பேசுது தெரியுமா? வண்டியத் தன் கைக்கு ஆக்கிக்கறதுக்குத்தான் கிளட்ச் வெச்சேன்னு. நானு! அப்படியொரு நெனப்பு தூக்கத்துலகூட வந்ததில்லீங்க எனக்கு.

அவங்க வந்து எறங்குனாங்க. நான் வாசல்ல வண்டியக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நிறுத்தியிருக்கறேன். "ஏறிப் பாருங்க மச்சான்"னேன். அவரு சிரிச்சுட்டேதான் ஏறுனாரு. உக்காந்து கீழ குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டே இருந்தாரு. மூணு பெடலு. அப்பறம் ரெண்டு கையிலயும் அந்த இடது காலத் தூக்கிக் கிளட்ச் மேல வெச்சாரு. வெச்சு, கையாலயே முட்டிய அமுத்திட்டுச் சாவியத் திருகுனாரு. பெடல் பாதி போச்சு, கால் வழுக்கி உழுந்துருச்சு. வண்டி ஒரு குதி குதிச்சு மாட்டுத் தொட்டில போயி முட்டி நின்னுருச்சு. மறுபடி தூக்கி வெச்சாரு. மறுபடி வழுக்குச்சு. "கொஞ்ச நாள்ல பழகிரும் மச்சான்"னு நான் சொன்னேன். அவரு எறங்கி, சாவியக் கொண்டுபோயி ஆணில மாட்டிட்டு உள்ள போயிக் கட்டல்ல உக்காந்துட்டாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. கலங்கும்படிக்கு என்ன ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல.

அக்கா வெளிய வந்தா. வந்த வேகத்துல ஒரு காப்பியாச்சும் குடுப்பான்னு பாத்தேன். "உன்னை எவன்டா கேட்டான்?"னா.

"அக்கா, வண்டிய சரி பண்ணி..."

"அந்த மனுசனுக்கு அது வண்டியாடா? காலுடா. நாங்க போயிட்டு வர்றதுக்குள்ள கால எடுத்து வித்துப்போட்டியேடா."

கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது? எனக்கு மனசு பொக்குன்னு போச்சுங்க. அத்தனை பாடுபட்டவனுக்கு அந்த ஊட்டுல அன்னைக்கு ஒரு சொட்டுக் காப்பி இல்ல.

சரி, கோவம் அடங்கட்டும்னு மறுநா போயி, "நான் தெனமும் வந்து ஓட்டறேன் மச்சான், நீங்க பக்கத்துல உக்காருங்க"ன்னேன். அதுக்கு அவரு சொல்றாரு, "உம்பக்கத்துல உக்காந்து என் தோட்டத்துக்குப் போறதுக்கு நான் போகாமயே இருந்துக்கறேன்." என்ன ஒரு வீம்பு பாருங்க. பழையபடி மாத்திக் குடுன்னு அக்கா சொன்னா. எங்க மாத்தறது? பழைய கியர்பாக்ஸ சாதிக் அன்னைக்கே பழைய இரும்புக்குத் தள்ளி உட்டுட்டான்.

காப்பி பழுத்து உதுர ஆரம்பிச்சுருச்சு. ஆளுங்க பாதியப் பறிச்சு, பாதிய மண்ணுல உடறாங்கன்னு சேதி வருது. மனுசன் கட்டல்ல உக்காந்து செவுத்தப் பாத்துட்டே இருக்கறாரு. சோறு எறங்கல. மலைக்குப் போகாட்டி அவரு பொழைக்க மாட்டாருன்னு அக்கா எங்க அம்மாகிட்ட சொல்லி அழுதாளாம். நானும் வருத்தப்பட்டேன். அவரு ஒரு வார்த்தை "சரி கிட்டு, ஓட்டு"ன்னா முடிஞ்சு போற விசயம்.

அப்பறம் அக்கா என்ன பண்ணுனா தெரியுமா? அவ மக டிரைவிங் ஸ்கூல்ல பழகுனப்ப இவளும் தொணைக்குப் போயிப் பின்னால உக்காந்திருக்கறா. அந்தக் கார்ல சொல்லிக் குடுக்கறவன் கால்கிட்டயும் கிளட்ச் இருக்குமுங்க, பாத்திருப்பீங்க. அது அவளுக்கு நாபகம் வந்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பஸ் ஏறிச் சாதிக்குகிட்டப் போயி, "அந்த மாதிரி எங்கால்கிட்ட ஒரு பெடல் வெச்சுக் குடு"ன்னு கேட்டிருக்கறா. அவனும் "அதுவும் சரிதாங்க்கா"ன்னு பக்கத்து சீட்டுக்குக் கீழ ஒரு பெடலு, குறுக்கால ஒரு கம்பி, வெச்சுக் குடுத்துட்டான். நான் மேஸ்திரியாட்டம் முன்ன நின்ன வண்டிங்க அது. எனக்குச் சேதி பேக்கரில கெடைக்குது.

மாரியம்மன் கோயில் மைதானத்துல பழகுனாங்க. ஊரே வேடிக்கை பாத்துச்சு. அவரு ஸ்டியரிங்கும் கியரும், அவ கிளட்ச். அவரு "மிதி"ம்பாரு, அவ மிதிப்பா. அவரு கியரப் போட்டுட்டு "உடு"ம்பாரு, அவ பொசுக்குன்னு உட்டுருவா, வண்டி தவளையாட்டம் குதிக்கும்.

"மெதுவா உடு, மெதுவா உடுன்னு எத்தன தரம் சொல்றது?"

"நீங்க மொதல்ல கியர ஒழுங்காப் போடுங்க. கரகரங்குது."

"நீ முழுசா மிதிச்சாத்தான கரகரங்காது?"

"முழுசாத்தான் மிதிச்சேன். கைய எடுத்துட்டு நீங்க வந்து மிதிங்க பாக்கலாம்!"

மைதானத்துல பையன்க எல்லாம் கைதட்டறானுங்க. கல்யாணமான நாள்ல இருந்து அந்த ஊட்டுல ரெண்டு பேரும் சேந்து அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. மானக்கேடுங்க. நான் ஓரமா நின்னு "அக்கா, பாதியில புடி, பாதியில புடி"ன்னு சொல்லிக் குடுக்கறேன். காதுலயே வாங்கல.

ஆனா பழகிட்டாங்க. அத ஒத்துக்கோணும். மலை ஏறிட்டாங்க. இப்பத் தெனமும் காலைல ரெண்டு பேரும் சோறு கட்டுன தூக்குப் போசிய எடுத்துப் பின்னால வெச்சுட்டுப் போறாங்க. இப்பல்லாம் அவரு "மிதி"ன்னே சொல்றதில்ல. இஞ்சின் சத்தத்தக் கேட்டே அவ மிதிச்சர்றா. சொல்லப்போனா அவதான், "ரெண்டுக்கு எறக்குங்க, முக்குது பாருங்க"ங்கறா, அவரு எறக்கறாரு. ஒருக்கா மலைல சோலி இருந்து நானும் கூடப் போனேன். முன் சீட்டுல அவ. என்னைப் பின்னால உர மூட்டைமேல உக்காருன்னுட்டாங்க. அந்தத் தேக்குக் குமிழு போட்டது நானுங்க.

இருந்தாலும் எனக்கு மனசு கேக்கல. வயசான காலத்துல அக்கா டிரைவர் வேலை பாக்கறா, எல்லாம் என்னால வந்ததுதான்னு ஊரு பேசுது. அதனால கொச்சில ஒருத்தனப் புடிச்சு, அவன் இன்னொருத்தனப் புடிச்சு, அதே வண்டிக்கு நல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒண்ணு தேடிக் கண்டுபுடிச்சுட்டேன். ஓடோடிப் போயி, அவங்க பொறப்படற நேரத்துல, "அக்கா, கவலைய உடு. எல்லாத்தையும் பழையபடி மாத்திரலாம். இனி நீ மலைக்கெல்லாம் அலைய வேண்டியதில்ல"ன்னேன்.

அவ தூக்குப் போசியக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தா. அன்னைக்குக் கோவமெல்லாம் இல்ல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

"கிட்டு, அந்தத் தோட்டம் யாரு பேர்ல இருக்குது?"

"உம்பேர்லதான். அப்பா எழுதி வெச்சதுதான?"

"அங்க நான் எத்தன தரம் போயிருக்கறேன், சொல்லு பாக்கலாம்?"

யோசிச்சேன். கல்யாணமான புதுசுல பூசைக்கு ஒருக்காப் போனா. அதுக்கப்பறம் எனக்கு நாபகமில்ல.

"எப்பக் கேட்டாலும் ரோடு மோசம், உனக்கெதுக்கு அந்த அலைச்சலும்பாரு. நானும் செரின்னு இருந்துட்டேன். எம்பூமில ஒரு ஓடை ஓடுதுடா. வருசம் பூரா தண்ணி போகுதாமா. எனக்கு இப்பத்தான்டா தெரியும்." அவ கண்ணு கலங்கிருச்சு. "இப்ப நான் மிதிக்காம அந்த வண்டி ஒரு அடி ஏறாது. நீ அந்த டப்பாவக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிருவ. நான் மறுபடி வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா? வண்டி மேல கை வெச்ச, கைய ஒடிச்சுருவேன்."

வண்டில இருந்து மச்சான், "வசந்தா, வா, வெயில் ஏறுது"ன்னு கூப்புட்டாரு. போயி ஏறி உக்காந்துட்டா. ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சுட்டே போகுது. நான் வாசல்ல நின்னுட்டு இருக்கறேன்.

இப்பச் சொல்லுங்க தம்பி. நான் கிளட்ச் வெக்காட்டி அவ ஓடையப் பாத்திருப்பாளா? அந்த நல்லதச் செஞ்சது யாரு? நாந்தான? ஒருத்தர், ஒரே ஒருத்தர், கிட்டு உன்னாலதான்டான்னு சொல்லலீங்க. கெட்டது நடந்தா நான் பண்ணுனது. நல்லது நடந்தா அவ சாமர்த்தியம். இப்படி ஒரு குடும்பத்துக்கு உழைச்சேன் பாருங்க.

போகட்டும் உடுங்க. நம்பர் எழுதிக்கங்க. உங்க வண்டிக்கு நானே கூட நின்னு செஞ்சு தர்றேன், அந்தச் சாதிக்கை நம்பி மட்டும் உட்டுராதீங்க. ஆமா, வண்டி யாரு ஓட்டறது? ஊட்டுல உங்க சம்சாரமா? அவங்கதான் பள்ளிக்கூடத்துக்குத் தெனமும் எடுத்துட்டுப் போறாங்களா? கிளட்ச் ஓட்டிப் பழக்கமில்லையா? இதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லியாச்சா?

சொல்லலையா. அதுதாங்க நல்லது. சொன்னா வேண்டாம்பாங்க. அவங்க அம்மா ஊட்டுக்குப் போற சமயமாப் பாத்து வண்டியக் கொண்டாந்து உட்டுருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.